காடாத் துணிக்குள் இரண்டு பல்

என் வலது கை ஆள்காட்டி விரல் இப்போது முக்கால்வாசிதான் மடங்கும். பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்துவிட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. விரலைப் பார்க்கிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டால் பாதிக் கதையைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். முழுக்கதையில் நான் நல்லவனாக இல்லை. அதற்காகவே அதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், வீட்டின் பின்கட்டில் ஆறு தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்கிறவன் நான். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அந்த வெள்ளைத் துணிதான். ஆனால் தறியிலிருந்து இறங்கும்போது அது வெள்ளையாக இருக்காது. கஞ்சி ஏறிய நூலில் பழுப்பாக, மொரமொரப்பாக இருக்கும். காடாத் துணி என்போம். அதை வெளியே அனுப்பி, வேகவைத்து வெளுத்து, கிருமி நீக்கிய பிறகுதான் புண்ணில் வைக்கலாம். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், தறிக்காரன் வீட்டில் எவருக்குக் கை கிழிந்தாலும் முதலில் தேடுவது காடாத் துணிக் கீற்றைத்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, காடாவை இறுக்கிச் சுற்றினால் வேலை முடிந்தது. நான் சின்ன வயசிலிருந்து நூறு தடவை கட்டியிருப்பேன், ஒரு தடவைகூட ஒன்றும் ஆனதில்லை.

வீட்டில் நான், மனைவி புஷ்பம், நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் ஜெனி. அப்புறம் இரண்டு பூனைகள். செம்பட்டை நிறத்தில் இருப்பவள் மிட்டாய், கறுப்பன் பேர் கரிச்சட்டி. இவற்றின் தாய்ப்பூனை போன வருஷம் நெய்து அடுக்கி வைத்திருந்த துணிக்கட்டின் மேல் மூத்திரம் பெய்துவிட்டது. வியாபாரியிடம் நாற்றத்தோடு போன கட்டு அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கே புஷ்பம் அந்தப் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டித் தன் தம்பியிடம் கொடுத்து, தேவதானம் பக்கம் விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டாள். ஜெனிக்கு மூன்று நாள் காய்ச்சல். குட்டிகள் இரண்டும் அந்தக் காய்ச்சலின் தயவில் தங்கின. "இன்னொரு வம்பு வந்துச்சு, இதுக ரெண்டுக்கும் சாக்குதான்" என்று புஷ்பம் அப்போதே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அது ஒரு சனிக்கிழமை. புஷ்பம் சாயங்காலப் பூசைக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் ஜெனியும்தான். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கரண்டு போனது. ஆறு தறியும் ஒரே சமயத்தில் நின்றால் காதில் அடைப்பு விட்ட மாதிரி இருக்கும். அந்த அமைதியில்தான் தலைக்கு மேலே படபடவென்று கேட்டது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன வௌவால், ஜன்னல் வழியாகப் பூச்சிக்கு வந்தது வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பூனைகள் இரண்டும் தறியில் பாவு நூல் சுற்றிய உருளை மேல் ஏறி உட்கார்ந்து, அது போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பின.

அப்போது செய்ய வேண்டியிருந்தது என்ன என்று இன்று எனக்குத் தெரியும். பூனைகளை முதலில் வேறு அறையில் போட்டு அடைத்திருக்க வேண்டும். வெளிப்பக்க ஜன்னலை அகலத் திறந்து, நாங்களும் வெளியே போயிருந்தால், அது தானாகப் போயிருக்கும். நான் செய்தது, துண்டைச் சுழற்றி விரட்டியது. அது தாழ்ந்தது. மிட்டாய் ஒரே தாவு. மறு நொடி அதன் வாயில் வௌவால் கிடந்து கத்தியது. இரத்தம் துணியில் பட்டுவிடுமே என்று பதறிப்போய் வெறுங்கையால் வௌவாலைப் பிடித்து இழுத்தேன். மிட்டாய் விட்டுவிட்டு, என் விரலைக் கவ்வியது. வளர்த்த பூனைதான். ஆனால் இரையைப் பிடுங்குகிற கை யாருடையது என்று அந்த நேரத்தில் அதற்குத் தெரியவில்லை.

வௌவால் தறிக்குக் கீழே தரையில் விழுந்தது. நான் கையை உதறிக்கொண்டு வெளியே குழாயடிக்கு ஓடினேன். சோப்புக்கூடப் போடாமல் ஒரு நிமிஷம் தண்ணீரைக் காட்டினேன். பெரிய காயம் இல்லை. இரண்டு புள்ளி, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது வௌவால் இல்லை. ஜெனி ஜன்னல் பக்கம் நின்றாள்.

"எங்கட்டி அது?"

"போயிருச்சுப்பா."

"அம்மாகிட்ட மூச்சு விடாத. தறியில கிழிச்சிருச்சுன்னு சொல்லிருவோம். தெரிஞ்சா பூனை ரெண்டுக்கும் சாக்குதான்."

அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். இருவரும் கூட்டுச் சேர்ந்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. எனக்கும் இருந்தது. மஞ்சள், சுண்ணாம்பு, காடா.

பூனையின் பல் ஊசி மாதிரி. உள்ளே ஆழமாக இறங்கும், மேலே தோல் உடனே மூடிக்கொள்ளும். உள்ளே போன கிருமிக்கு வெளியே வர வாசல் இல்லை. அந்த மூடிய வாசலை நான் சுண்ணாம்பு பூசி, கஞ்சித் துணி சுற்றி, இன்னும் நன்றாக அடைத்துக் கொடுத்திருந்தேன். ஞாயிறு மத்தியானமே விரல் வெண்டைக்காயாக விறைத்தது. திங்கட்கிழமை ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். எதில் குத்தியது என்று கேட்டார். "தறியில நாடா முனை குத்திருச்சு சார்" என்றேன். ஊடு நூலை இழுத்துக்கொண்டு தறிக்குள் ஓடுகிற கட்டைதான் நாடா, முனையில் இரும்பு இருக்கும். இரும்புக் காயத்துக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்து, டிடி ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்ன நோய்க்குத்தானே மருந்து.

செவ்வாய்க்கிழமை ஜெனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் மணிக்கட்டிலும் ஒரு காடாக் கீற்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ரோஜாச் செடி முள் கிழித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாளாம். அப்பாவைப் பார்த்துத் தானும் கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. வலியில் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை கை முழங்கைவரை வீங்கி, உள்பக்கமாகச் சிவப்புக் கோடு ஒன்று ஏறியது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. புஷ்பத்தின் தம்பி, என் மச்சான், தன் வேனில் அள்ளிப் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் புஷ்பம் என் கையை ஒரு தலையணை மேல் வைத்துக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள்தான் "அம்மா" என்றாள்.

பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காடாவை உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிரித்தார். நூல் புண்ணோடு ஒட்டியிருந்தது.

"இதை யாரு கட்டுனது அண்ணாச்சி?"

"நாந்தான். நான் நெய்ஞ்ச துணிதாம்மா."

அவர் சிஸ்டரைப் பார்த்தார். பிறகு விரலை மடக்குகிற நரம்புக்கயிறு ஒரு உறைக்குள் ஓடுகிறது என்றும், அந்த உறைக்குள் சீழ் கட்டிவிட்டது என்றும் சொன்னார். கீறி, கழுவி விட வேண்டும். தாமதித்தால் கயிறு அழுகிவிடும், அப்படி ஆனால் விரலை எடுக்க வேண்டி வரலாம். அறுந்த இழையை அந்த விரலால்தான் முடிகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சு என்று கணக்கே கிடையாது. சம்மதக் கையெழுத்தை இடது கையால் போட்டேன்.

தோள்பட்டைக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் எல்லாம் கேட்டது. கத்தரியைத் தட்டில் வைக்கிற சத்தம். தண்ணீரைப் பீய்ச்சுகிற சத்தம். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, "அண்ணாச்சி, உங்க தறிக்குப் பல்லு இருக்கா? நேர் நேரா ரெண்டு ஓட்டை இருக்கே" என்றார்.

"நாடா ரெண்டு தடவ குத்திருச்சும்மா" என்றேன். கை அறுபட்டுக் கிடக்கும்போதும் பொய் மட்டும் எனக்கு மரத்துப் போகவில்லை.

வார்டில் என் படுக்கை ஜன்னல் ஓரம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து பாட்டில் ஏறும். கையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சோற்றைப் பிசைந்து ஊட்டியது புஷ்பம். தினமும் காலை பஸ்ஸில் வந்து, சாயங்காலம் பஸ்ஸில் போய், ராத்திரி அவளும் மச்சானும் தறி ஓட்டினார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் சேத்தூர்க்காரர், காலில் புண். தன் மகன் வாங்கிக் கொடுத்த சின்ன ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "எனக்குக் காத்து ஆகாது" என்று ஒவ்வொரு நாளும் பொய் சொன்னார். அவர் சொன்னதும் பொய்தான், நான் சொன்னதும் பொய்தான். அவர் பொய்யில் எனக்குத் தூக்கம் வந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரனும் இல்லை போல. ஏழாம் நாளே, சனிக்கிழமை, மதுரைக்கு அனுப்பியிருந்த சீழ் டெஸ்ட்டின் முடிவு வந்தது. என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட் அது. டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் நின்று படித்தார்.

"இந்தக் கிருமி இரும்புல வராது அண்ணாச்சி. பூனை வாயில, நாய் வாயில இருக்கிறது. இப்பவாச்சும் சொல்லுங்க."

புஷ்பம் டிபன் டப்பாவைத் திறந்தபடி நின்றாள். நான் சொன்னேன். பூனை என்று மட்டும் சொல்லி நிறுத்தப் பார்த்தேன். வளர்த்த பூனை எதற்குக் கடித்தது என்று அவர் விடவில்லை. வௌவாலும் வெளியே வந்தது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிற்கிற டாக்டர் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்று அந்த நாலு நாளில் கற்றிருந்தேன். ரேபிஸ் என்கிற வெறிநோய்க் கிருமி கடிக்கிற பிராணியின் எச்சிலில் இருக்கும், கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மெதுவாக மூளைக்கு ஏறும், சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம் என்று சொன்னார். ஏறுவதற்குள் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். ஏறி, நோய் தெரிய ஆரம்பித்துவிட்டால் எந்த ஊரிலும் மருந்து இல்லை.

"நம்ம பக்கம் பெரும்பாலும் நாய்தான். வௌவால்ல இருக்கா இல்லையான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. உறுதி இல்லாததுக்குத்தான் ஊசி. கடிச்ச அன்னிக்கே போட்டிருக்கணும். பரவாயில்ல, இன்னிக்கே ஆரம்பிப்போம். பூனைக ரெண்டும் எங்க இருக்கு?"

"வீட்டுலதான்."

"வெளிய எங்கயும் விட்டுராதீங்க. கடிச்ச பூனையைப் பத்து நாள் கண்ணு முன்னால வச்சுப் பாக்கணும். மாட்டு டாக்டர்கிட்ட காட்டி ரெண்டுக்கும் ஊசி போடுங்க. அதுகளையும் வௌவால் கடிச்சிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் பூனையைச் சாக்கில் கட்டிவிடுவார்கள் என்று பயந்து ஏழு நாள் மறைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டரே அவற்றை வீட்டை விட்டு அனுப்பாதே என்று உத்தரவு போட்டிருப்பார். சாக்கும் வேண்டியிருக்காது, சீழும் இருந்திருக்காது.

"வேற யாரும் வௌவாலைத் தொட்டாங்களா?"

"இல்ல, அது பறந்து போயிருச்சு" என்றேன்.

டாக்டரம்மா போனதும் புஷ்பம் டப்பாவை மூடினாள். "பூனைக்காகவா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் என்ன அம்புட்டுக் கொடுமக்காரியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். தடுப்பூசி இரண்டு தோளிலும் எறும்புக்கடி மாதிரிதான் இருந்தது. ஆனால் உடனடிக் காவலுக்கு என்று இன்னொரு மருந்தைக் கீறிய விரலைச் சுற்றியே இறக்கினார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

சாயங்காலம் புஷ்பம் பஸ்ஸுக்குப் போன பிறகு, கட்டு மாற்ற வந்த சிஸ்டர் வ. புதுப்பட்டி என்கிற ஊர்க்காரர். கலகலப்பானவர்.

"வௌவால் புடிச்ச வீரர் நீங்கதானா? பொறவு அது என்ன ஆச்சு?"

"கீழ விழுந்துச்சு. பறந்து போயிருச்சு."

"கீழ விழுந்ததா? அதெப்படிப் பறக்கும்?" சிஸ்டர் பஞ்சை எடுத்தபடியே சொன்னார். "எங்க வீட்டுப் புளியமரம் பூரா வௌவாலுதான். தரையில விழுந்தா செத்த நேரம் ஊர்ந்துகிட்டுத்தான் கெடக்கும். மரத்துலயோ செவுத்துலயோ ஏறி, ஒசரத்துல இருந்துதான் பறக்கும். அடிபட்டது தானா எப்படிப் போகும்? யாராச்சும் எடுத்து விட்டிருப்பாக."

ஜன்னல் பக்கம் நின்ற ஜெனி என் கண்ணுக்கு வந்தாள். போயிருச்சுப்பா என்றாளே தவிர, பறந்து போயிருச்சு என்று அவள் சொல்லவில்லை. பறந்தது என்று முடிவு செய்தது நான். அடுத்து அவள் மணிக்கட்டுக் காடா கண்ணுக்கு வந்தது. "வீட்டுக்குப் போன் போடுங்க சிஸ்டர்" என்றேன். சிஸ்டர்தான் போனைப் போட்டு என் காதில் வைத்தார்.

புஷ்பம் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். "பாப்பா கையில கட்டிருக்கிறத அவுத்துப் பாரு" என்றேன். போனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு புஷ்பம் என் பேரைச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மச்சான் வேனில் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். டாக்டரம்மா பிள்ளையின் கையை விளக்குக்குக் காட்டினார். மணிக்கட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல், மஞ்சள் பூசி, பொருக்குத் தட்டி, பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜன்னலை ஒட்டி வெளியே நிற்கிற முருங்கை மரத்தில் எடுத்து வைத்தபோது வௌவால் பிறாண்டிவிட்டதாம். இரத்தம் வந்ததாம். "பாவமா இருந்துச்சு டாக்டர்" என்றாள்.

"ஏட்டி, எங்கிட்டச் சொன்னா என்ன?" என்று புஷ்பம் உடைந்தாள்.

ஜெனி என்னைப் பார்த்தாள். "அப்பா தறின்னு சொன்னாங்கல்ல. அதான் நான் முள்ளுன்னு சொன்னேன்."

வார்டில் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. சேத்தூர்க்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கீறலைச் சுற்றி மருந்தை இறக்கும்போது என் இடது கையால்தான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. என் பனியனைக் கடித்துக்கொண்டாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

விரல் தப்பியது. பத்து நாள் கழிந்தும் மிட்டாய் சோற்றுத் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய் இல்லை என்று அர்த்தம். ஆனால் வௌவாலிடமிருந்து அதற்கு ஏறியிருந்தால் தெரியப் பல மாதம் ஆகும் என்று மாட்டு டாக்டர் சொன்னார். இரண்டுக்கும் ஊசி போட்டு, பின்கட்டில் ஒரு அறையில் தனியாக வைத்திருக்கிறோம். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று. சோறு வைக்கிறது புஷ்பம்தான், தடித்த கையுறை போட்டுக்கொண்டு. அந்தச் சாக்கை எரித்துவிட்டாள்.

பிள்ளைக்கு நாலு தவணை ஊசியும் முறையாகப் போட்டாயிற்று, இனி பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார். நம்புகிறேன். ஆனாலும் இந்த நோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்று எங்கேயோ கேட்டுத் தொலைத்துவிட்டேன். காலையில் அவள் சொம்பைத் தூக்கிக் குடிக்கும்போது, கடைசி மடக்கு இறங்குகிறவரை நான் தறியைப் போடுவதில்லை.

கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள். அன்று சீட்டு எழுதுகிற இடத்தில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நோட்டைப் பார்க்காமலே, "என்ன பாப்பா கடிச்சது?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஜெனி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லலாம் என்று அனுமதி கேட்கிற பார்வை. கத்தி வைத்துக் கீறியபோது மரத்திருந்த இடமெல்லாம் அப்போது எனக்கு வலித்தது.

"உள்ளதைச் சொல்லும்மா" என்றேன்.

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மாற்றிச் சொல்வேனோ என்று.